மூணு லேபிள் இருந்தும் காரணம் தெரியாத ஒரு பையன்: வளர்ச்சி தாமதம் பத்தி ஒரு கேஸ்

பையனுக்கு வயசு 4 வருஷம் 2 மாசம். வரும்போதே ஃபைல்ல மூணு லேபிள் ஒட்டியிருந்துச்சு: பொறந்தப்ப மூச்சுத்திணறல், ஆட்டிசம், வலிப்பு. பேச்சு வரல, ரெண்டு மூணு சத்தம்தான். நடக்கறான், ஆனா தடுமாற்றம். தன் கையையே கடிச்சுக்கறான், ராத்திரி சரியா தூங்கறதில்ல, வலிப்பு மாத்திரை ரெண்டு ஓடிட்டிருக்கு, அப்பவும் தலை சட்டுனு தொங்கி நிமிர்ற மாதிரி ஃபிட்ஸ் வாரத்துல பல தடவ வருது. ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி எல்லாம் ஒழுங்கா போய்ட்டிருக்காங்க.

எங்ககிட்ட வந்தது அவனுக்காக கூட இல்ல. அம்மா மறுபடி கர்ப்பம், அஞ்சாவது மாசம். "இந்தக் குழந்தைக்கும் அப்படி வருமா டாக்டர்?" இதக் கேக்கத்தான் வந்தாங்க. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சின்னச் சின்ன விவரம் மாத்திருக்கேன், மெடிக்கல் விஷயம் எதையும் மாத்தல.)

பாக்க சாதாரண கேள்விதான், ஆனா லேபிள வச்சுக்கிட்டு இதுக்கு பதில் சொல்லவே முடியாது. நிஜமாவே பிரசவத்துல ஆக்ஸிஜன் குறைஞ்சதுதான் காரணம்னா அடுத்த குழந்தைக்கு தனியா ரிஸ்க்னு ஒண்ணும் கிடையாது. குழந்தைகிட்ட புதுசா உண்டான ஜீன் மாற்றம்னா ரிஸ்க் சுமார் 1 சதவீதம். ரிசெசிவ் நோய்னா, அதாவது அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டருந்தும் பழுதான ஜீன் வந்தாத்தான் வர்ற நோய்னா, ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் 25 சதவீதம். அம்மாகிட்டருந்து எக்ஸ் குரோமோசோம் வழியா வர்றதுன்னா பொறக்கற பையன்கள்ல பாதிப் பேருக்கு வரலாம். ஒரே பையன், ஒரே மாதிரி பேச்சு வராத நிலைமை, பதில் மட்டும் பூஜ்யத்துலருந்து பாதி வரைக்கும் எங்க வேணா இருக்கலாம். "ஆட்டிசம் இருக்கு, அதான் பேசல"ன்னு சொல்லி முடிச்சிட்டா இந்த அம்மாவுக்கு என்னத்த சொல்றது?

பேர்கள ஒரு வாட்டி தெளிவு பண்ணிட்டு கேஸுக்குள்ள போறேன். 5 வயசுக்குக் கீழ இருக்கற குழந்தை, நடை, கைவேலை, பேச்சு, பழகறதுன்னு இருக்கற பிரிவுகள்ல ரெண்டு இல்ல அதுக்கு மேல நல்லாவே பின்தங்கியிருந்தா பொதுவான வளர்ச்சி தாமதம்னு சொல்றோம். 5 வயசுக்கு மேல ஐக்யூ டெஸ்ட் நம்பற மாதிரி வர ஆரம்பிச்சதும், அது சுமாரா 70-க்குக் கீழ இருந்து அன்றாட வேலைகள்லயும் சிரமம் இருந்தா அறிவுசார் குறைபாடு. குழந்தைகள்ல 1லருந்து 3 சதவீதம் பேருக்கு இதுல ஏதோ ஒண்ணு இருக்கும். இது எல்லாமே குழந்தை இப்ப எங்க நிக்குதுன்னு சொல்ற பேருதான். எதனால அங்க நிக்குதுங்கறத தனியாத்தான் தேடணும்.

முதல்ல பிரசவக் கதை

எனக்கு முதல்ல சந்தேகம் வந்தது மூச்சுத்திணறல் லேபிள் மேலதான். பழைய டிஸ்சார்ஜ் சம்மரிய கேட்டு வாங்கிப் பாத்தோம். நிறை மாசம், எடை 2.9 கிலோ. "கொஞ்சம் தாமதமா அழுதான்"னு ஒரு வரி இருக்கு. அதுக்குப் பக்கத்துலயே அப்கார் ஸ்கோர் (பொறந்த குழந்தையோட நிலைமைக்கு பத்துக்குப் போடற மார்க்) ஒரு நிமிஷத்துல 7, அஞ்சு நிமிஷத்துல 9. அன்னைக்கே பால் குடிச்சிருக்கான், மூணாவது நாள் வீட்டுக்குப் போயிருக்கான். வெண்டிலேட்டர் இல்ல, ஃபிட்ஸ் இல்ல, ஐசியூ பக்கமே போகல.

மூளைய நிரந்தரமா பாதிக்கற அளவுக்கு ஆக்ஸிஜன் குறைஞ்சிருந்தா முதல் ரெண்டு மூணு நாள்லயே குழந்தை அதக் காட்டிடும். துவண்டு கிடக்கும், பால் குடிக்காது, ஃபிட்ஸ் வரும், மூச்சுக்கே உதவி தேவைப்படும். இதுல ஒண்ணுமே இல்லாம மூணாவது நாள் சமத்தா வீட்டுக்குப் போன குழந்தை நாலு வயசுல பேசலன்னா, அதுக்குப் பழிய பிரசவத்து மேல போடறது ரொம்ப பலவீனமான வாதம். ஆனா இந்த ஒரு வரி நாலு வருஷமா ஒவ்வொரு ஃபைல்லயும் காப்பி ஆகிட்டே வந்திருக்கு, ஒவ்வொரு காப்பியிலயும் கொஞ்சம் வலுவாகிட்டே வேற போயிருக்கு, முதல் பேப்பர்ல "தாமதமா அழுதான்", அடுத்ததுல "மூச்சுத்திணறல்", கடைசி பேப்பர்ல "மூச்சுத்திணறலால் ஏற்பட்ட மூளை பாதிப்பு". நடுவுல புதுசா எந்த ஆதாரமும் சேரல. இது ஏதோ ஒரு இடத்துல மட்டும் நடக்கற விஷயம் இல்ல. வளர்ச்சி தாமதம் உள்ள பிள்ளைங்களோட ஃபைல்கள்ல அடிக்கடி பாக்கறதுதான்.

அடுத்தது மைல்ஸ்டோன். முகம் பாத்து சிரிச்சது ரெண்டு மாசத்துல, அது நார்மல். கழுத்து நின்னது அஞ்சு மாசம் தாண்டி. உக்காந்தது பத்து மாசத்துல, நடந்தது 22 மாசத்துல. ஒண்ணே கால் வயசுக்கு மேல ரெண்டு வார்த்தை சொல்லிருக்கான், ரெண்டரை வயசுல ஃபிட்ஸ் ஆரம்பிச்ச சமயத்துல அதுவும் போயிடுச்சு. அம்மாகிட்ட திரும்பத் திரும்ப கேட்டேன், முதல் மூணு மாசம் எப்படி இருந்தான்னு. "அப்ப நல்லாத்தான் டாக்டர் இருந்தான், பால் குடிப்பான், தூக்குனா கையில கெட்டியா இருப்பான், அப்புறம்தான் துவள ஆரம்பிச்சான்"னு சொன்னாங்க. பொறக்கும்போது சரியா இருந்து சில மாசம் கழிச்சு பின்னால போறது, ஏற்கனவே சொன்ன வார்த்தைய இழக்கறது, ரெண்டுமே மெட்டபாலிக் நோய், அதாவது உடம்புக்குள்ள நடக்கற ரசாயன வேலை கெடற நோய், பக்கம் கை காட்டற விஷயம். வயித்துல இருக்கற வரைக்கும் அம்மாவோட உடம்பே குழந்தைக்குப் பாதி வேலைய செஞ்சு குடுத்துடும், வெளிய வந்தப்புறம்தான் குறை தெரியும்.

மூணு தலைமுறைக்கு குடும்ப மரம் போட்டோம். வேற யாருக்கும் இப்படி இல்ல. பெத்தவங்க ரெண்டு பேரும் உறவு இல்ல. உறவுக்குள்ள கல்யாணம் பண்ணலன்னா ரிசெசிவ் நோய் வராதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது தப்பு. வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான்.

அவனப் பாத்தப்ப

தலை சுற்றளவு 49 செமீ, வயசுக்கு சரி. இத அளக்காமலே எழுதுன கேஸ் ஷீட்ட எத்தனையோ பாத்திருக்கேன். ஒரு டேப் போதும், தலை சின்னதா பெருசாங்கறதுலயே பாதி லிஸ்ட் கழிஞ்சிடும். முகத்துல வித்தியாசமான அமைப்பு எதுவும் இல்ல. இருட்டு ரூம்ல வுட்ஸ் லாம்ப்ங்கற புற ஊதா விளக்க அடிச்சு தோல் முழுக்க பாத்தோம், டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ்ங்கற, தோல்லயும் மூளையிலயும் கட்டி வர்ற ஜெனடிக் நோய்ல தெரியற வெள்ளைத் திட்டு இல்ல. கல்லீரல், மண்ணீரல் பெருசாகல. காது டெஸ்ட் ஏற்கனவே நார்மல். உடம்பு கொஞ்சம் தொளதொளன்னு துவண்டாப்ல இருந்துச்சு.

கவனிக்க வேண்டியது அவனோட கை. எல்லா ரிப்போர்ட்லயும் "கையை ஆட்டுகிறான், ஆட்டிசம் சார்ந்த அசைவு"ன்னு எழுதியிருந்துச்சு. அவன் முன்னாடி ஒரு சிவப்பு கட்டைய வச்சோம். எட்டி எடுக்கப் போனான், கை கட்டைகிட்ட போகும்போது விரல் ஒவ்வொண்ணும் தனித்தனியா விரிஞ்சு முறுக்கிக்குது, மணிக்கட்டு திரும்பிக்குது, எடுக்கறதுக்குள்ள அவனுக்கே எரிச்சல் வந்து கையைக் கடிக்கறான். கட்டைய எடுத்துட்டு பாத்தா முறுக்கல் குறையுது. ஆட்டிசத்துல வர்ற கை ஆட்டல் சந்தோஷத்துலயோ பதட்டத்துலயோ வரும், ஒரே தினுசா இருக்கும், கவனத்தத் திருப்புனா நின்னுடும். இவனுக்கு நேர் எதிரா, ஒரு வேலை செய்யப் போகும்போதுதான் வருது. அப்ப இது தானா வர்ற அசைவுக் கோளாறு, மூளையோட ஆழத்துல இருக்கற பேசல் கேங்லியாங்கற பகுதி சம்பந்தப்பட்டது. அஞ்சு நிமிஷம் ஒரு கட்டைய வச்சுப் பாத்ததுல ஆட்டிசம்ங்கற ரெண்டாவது லேபிளோட கதையே மாறுது. ஆட்டிசம் இல்லவே இல்லன்னு நான் சொல்லல, கண்ணப் பாத்துப் பழகறதுல அவனுக்கு சிரமம் நிஜமாவே இருந்துச்சு. ஆனா ஆட்டிசம் மாதிரி நடத்தை வர்ற மெட்டபாலிக், ஜெனடிக் நோய்கள் ஏராளம், அந்தப் பேரோட நிறுத்திக்கக் கூடாது.

வளர்ச்சிய அளந்து பாத்ததுல நடை சம்பந்தமானது சுமார் ரெண்டு வயசு அளவு, கைவேலை ஒன்றரை வயசு, பேச்சு பத்து மாசக் குழந்தை அளவு. மத்ததெல்லாம் ஒரு பக்கம் இருக்க பேச்சு மட்டும் அதலபாதாளத்துல. இதையும் மனசுல வச்சுக்கிட்டோம்.

பழைய ஃபைல்

இனி டெஸ்ட் எழுதறதுதானே பாக்கின்னு தோணும். ஆனா ஏற்கனவே எடுத்தத ஒழுங்கா படிக்காம புதுசா எழுதறது எனக்கு ஒப்பாது. கேரியோடைப் (குரோமோசோம்கள எண்ணி உருவத்தப் பாக்கற டெஸ்ட்) எடுத்திருந்தாங்க, 46 குரோமோசோம், நார்மல். தைராய்டு நார்மல். இஇஜி-ல மூளை அலை மெதுவா, பல இடத்துல ஸ்பைக். எம்ஆர்ஐ மூணு வயசுல எடுத்தது, ரிப்போர்ட்டோட கடைசி வரி "குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை".

ரிப்போர்ட்ட விட்டுட்டு படத்தையே ரேடியாலஜிஸ்ட்டோட உக்காந்து பாத்தோம். டி2ங்கற வகைப் படத்துல ரெண்டு பக்கமும், பேசல் கேங்லியாக்குள்ள குளோபஸ் பாலிடஸ்னு சொல்ற இடம் லேசா வெளுத்திருந்துச்சு. ரொம்ப லேசா. "வலிப்பு, ஆட்டிசம்"னு மட்டும் எழுதி அனுப்புன படத்துல இத யாரும் தேட மாட்டாங்க, ஆனா "கை முறுக்கல் இருக்கு"ன்னு சொல்லிட்டு அதே படத்தப் பாத்தா கண்ணு தானா அங்க போகுது. ரெக்வெஸ்ட் ஃபார்ம்ல ரெண்டு வரி கூட எழுதறதுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கு. அந்த இடம் ரெண்டு பக்கமும் சமமா வெளுத்துச்சுன்னா யோசிக்க வேண்டிய லிஸ்ட் சின்னதுதான்: மீத்தைல்மலோனிக் அசிடீமியா, மைட்டோகாண்ட்ரியா நோய்கள், காபாங்கற மூளை ரசாயனம் உடையறதுல வர்ற கோளாறு, பொறந்தப்ப மஞ்சக்காமாலை ரொம்ப ஏறினது, அப்புறம் கிரியாட்டின் குறைபாடு.

கிரியாட்டின்ங்கறது தசைக்கும் மூளைக்கும் சக்தி குடுக்கற பொருள், அது உடைஞ்சுதான் கிரியாட்டினின் ஆகும். அதனால கிரியாட்டின்னு நினைச்சதும் ரத்த ரிப்போர்ட்டுகளத் திருப்புனோம். வலிப்பு மாத்திரை குடுக்கறதால அப்பப்போ ரத்தம் எடுத்திருந்தாங்க. சீரம் கிரியாட்டினின் 0.1, பக்கத்துல 'எல்'னு ஒரு எழுத்து, அதாவது லோ. அடுத்த ரிப்போர்ட்ல மறுபடி 0.1, மறுபடி 'எல்'. கிரியாட்டினின்ன எல்லாரும் கிட்னிக்காகத்தான் பாக்கறோம், ஏறியிருந்தா பதறுவோம், இறங்கியிருந்தா கிட்னி நல்லாருக்குன்னு தாண்டிப் போயிடுவோம். சின்னப் பிள்ளைங்களுக்கு சதை கம்மி, அதனால கிரியாட்டினினும் கம்மியாத்தான் இருக்கும், அதுவும் உண்மைதான். சில லேப்ல அளக்கற முறையிலயே இவ்வளவு கீழ் அளவு துல்லியமா வராது. ஆகவே இந்த 0.1-ஐ மட்டும் வச்சு யாரும் நோய் கண்டுபிடிக்க முடியாது, நார்மலா இருந்தா நோய் இல்லன்னும் சொல்ல முடியாது. ஆனா பேச்சு அதிகமா பாதிச்சிருக்கு, ஃபிட்ஸ் இருக்கு, கை முறுக்கல் இருக்கு, குளோபஸ் பாலிடஸ் வெளுத்திருக்கு, கூடவே திரும்பத் திரும்ப லோ கிரியாட்டினின்னு வரும்போது அதத் தாண்டிப் போகக் கூடாது.

எழுதுன டெஸ்ட்

ஒரே நேரத்துல ரெண்டு வழியில போனோம். முதல் வழி எந்தக் குழந்தைக்கும் போறது: குரோமோசோமல் மைக்ரோஅரே (கேரியோடைப்ல தெரியாத சின்னத் துண்டுகள் குறைஞ்சிருக்கா கூடியிருக்கான்னு பாக்கறது), ஃப்ராஜைல் எக்ஸ் டெஸ்ட். கேரியோடைப் நார்மல்னு பலர் நிம்மதியாயிடறாங்க. டவுன் சிண்ட்ரோம் மாதிரி பாத்தவுடனே தெரியறத விட்டுட்டுப் பாத்தா கேரியோடைப்ல காரணம் கிடைக்கறது 3 சதவீதம் போல, மைக்ரோஅரேல 15லருந்து 20 சதவீதம், 2010-ல முதல் டெஸ்ட்டா அதத்தான் சிபாரிசு பண்ணாங்க. ஃப்ராஜைல் எக்ஸ் இந்த ரெண்டுலயுமே தெரியாது, அது எஃப்எம்ஆர்1 ஜீன்ல சிஜிஜிங்கற மூணு எழுத்து 200 தடவைக்கு மேல திரும்பத் திரும்ப வர்றதால உண்டாகற நோய், தனியாத்தான் எண்ணிப் பாக்கணும். நடக்க லேட்டான பையன்கறதால சிகே-ங்கற தசை என்சைமையும் பாத்தோம், தசை நோய் ஒளிஞ்சிருந்தா அங்க தெரிஞ்சிடும், நார்மலா வந்துச்சு.

ரெண்டாவது வழி மெட்டபாலிக். அம்மோனியா, லாக்டேட், அமினோ அமிலங்கள், ஹோமோசிஸ்டீன், அசைல்கார்னிட்டின், சிறுநீர்ல ஆர்கானிக் ஆசிட், அதோட சிறுநீர்லயும் ரத்தத்துலயும் கிரியாட்டின், குவானிடினோஅசிட்டேட் (கிரியாட்டினா மாறறதுக்கு முந்தின பொருள்). கடைசியா சொன்னது ரொட்டீன் மெட்டபாலிக் பேனல்ல பெரும்பாலும் இருக்காது, பேர் சொல்லிக் கேக்கணும். "மெட்டபாலிக் ஸ்கிரீன் நார்மல்"னு எழுதியிருக்கற ஃபைலப் பாத்தா நான் முதல்ல கேக்கறது, அந்த ஸ்கிரீன்ல என்னென்ன இருந்துச்சுங்கறதுதான்.

கூடவே எம்ஆர்ஐ மறுபடி, இந்த வாட்டி ஸ்பெக்ட்ரோஸ்கோப்பியோட. அதே மெஷின், அதே மயக்க மருந்து, கூட சில நிமிஷம்தான். சாதா எம்ஆர்ஐ மூளையோட உருவத்தக் காட்டும், ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி அந்த இடத்துல இருக்கற ரசாயனத்த வரைபடமாக் காட்டும். நார்மல் மூளையில மூணு மேடு தெளிவாத் தெரியும்: 2.0 பிபிஎம்-ல (மேடு எந்த இடத்துல வருதுன்னு சொல்ற அளவு) என்ஏஏ, 3.0-ல கிரியாட்டின், 3.2-ல கோலின். இவனோட வரைபடத்துல 2.0 இருக்கு, 3.2 இருக்கு, நடுவுல 3.0 இருக்க வேண்டிய இடம் தட்டையா கிடக்கு. ரேடியாலஜிஸ்ட் மெஷின் செட்டிங்ல தப்போன்னு வேற இடத்துல வச்சு இன்னொரு தடவ எடுத்தாரு, அதுலயும் அதே தட்டை.

மூளையில கிரியாட்டின் இல்லன்னா மூணு காரணம் இருக்கலாம். உடம்பு கிரியாட்டின தயாரிக்கறது ரெண்டு படியில: முதல் படியில ஆர்ஜினினும் கிளைசினும் சேந்து குவானிடினோஅசிட்டேட் ஆகும், அந்த என்சைம் ஏஜிஏடி. ரெண்டாவது படியில அது கிரியாட்டினா மாறும், அந்த என்சைம் ஜிஏஎம்டி. அப்புறம் அத மூளைக்குள்ள கொண்டு போக ஒரு டிரான்ஸ்போர்ட்டர் வேணும், அதோட ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. மூணுல எது போனாலும் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பில பாக்கறது ஒண்ணுதான். பிரிச்சுக் காட்டறது ரத்தமும் சிறுநீரும்தான். குவானிடினோஅசிட்டேட் குறைஞ்சிருந்தா முதல் படி. ஏறியிருந்தா ரெண்டாவது படி. சிறுநீர்ல கிரியாட்டினினோட ஒப்பிடும்போது கிரியாட்டின் எக்கச்சக்கமா இருந்தா டிரான்ஸ்போர்ட்டர். பையன்கறதால டிரான்ஸ்போர்ட்டர்தான் இருக்கும்னு எங்களுக்குள்ள ஒரு பயம், ஏன்னா மூணுல அதுக்குத்தான் மருந்து சரியா வேலை செய்யாது, கிரியாட்டின வாயில குடுத்தாலும் மூளைக்குள்ள நுழையாது.

ரிசல்ட் வந்தப்ப ரத்தத்துல குவானிடினோஅசிட்டேட் நார்மலோட உச்ச அளவுக்கு எட்டு மடங்குக்கு மேல, கிரியாட்டின் ரொம்பக் கம்மி. ஜிஏஎம்டி குறைபாடு. 1994-ல ஜெர்மனில முதல்முதலா கண்டுபிடிச்ச நோய், ரொம்ப அபூர்வம், ஆனா மருந்து இருக்கற நோய்.

மைக்ரோஅரே, ஃப்ராஜைல் எக்ஸ் ரெண்டும் நார்மல். ஜீன் டெஸ்ட்ல ஜிஏஎம்டி ஜீன்ல ரெண்டு வெவ்வேற மாற்றம், ஒண்ணு அப்பாகிட்டருந்து, ஒண்ணு அம்மாகிட்டருந்து. அதுல ஒண்ணு நோய் உண்டாக்கறதுன்னு ஏற்கனவே தெரிஞ்சது. இன்னொண்ணுக்கு லேப் போட்ட ரிப்போர்ட் "முக்கியத்துவம் தெளிவில்லை".

இந்த இடத்துல ஒரு வாதத்துக்கு பதில் சொல்லணும். இவ்வளவு சுத்துனதுக்கு நேரா எக்ஸோம் (ஜீன்களோட முக்கியப் பகுதி எல்லாத்தையும் ஒரே தடவையில படிக்கற டெஸ்ட்) அனுப்பிருந்தா ஒரே அடியில கிடைச்சிருக்குமேன்னு இளம் டாக்டர்கள் கேக்கறாங்க, நியாயமான கேள்விதான். எக்ஸோம்ல வளர்ச்சி தாமதத்துக்கு மூணுல ஒருத்தருக்கு மேல காரணம் கிடைக்குது, 2021-ல வந்த அமெரிக்க மெடிக்கல் ஜெனடிக்ஸ் கல்லூரியோட வழிகாட்டுதல்லயே எக்ஸோம் இல்ல ஜீனோம முதல் இல்ல ரெண்டாவது டெஸ்ட்டா பண்ணுங்கன்னு சொல்லிருக்காங்க. நான் அதுக்கு எதிரி இல்ல. ஆனா இந்தப் பையனுக்கு எக்ஸோம் மட்டும் அனுப்பிருந்தா கையில வந்திருக்கறது ஒரு நிச்சயமான மாற்றம், ஒரு சந்தேகமான மாற்றம். ரிசெசிவ் நோய்க்கு ரெண்டும் நிச்சயமா இருக்கணும். அந்த சந்தேகத்த தீத்தது எட்டு மடங்கு ஏறின குவானிடினோஅசிட்டேட்டும் தட்டையான அந்த 3.0 பிபிஎம்மும்தான். ஜீன் ரிப்போர்ட்ட படிக்கறதுக்கே குழந்தையோட கெமிஸ்ட்ரி தெரிஞ்சிருக்கணும், அதோட சில நாள்ல வந்துடற டெஸ்ட்டுக்கு பல வாரம் காத்திருக்கறதுல அர்த்தம் இல்ல, முக்கியமா அம்மா வயித்துல இன்னொரு குழந்தை வளர்ந்துட்டிருக்கும்போது.

மருந்து

கிரியாட்டின்தான் தசைக்கும் மூளைக்கும் பவர் பேங்க் மாதிரி, சட்டுனு சக்தி தேவைப்படற நேரத்துல எடுத்துக் குடுக்கும். அது காலியா இருக்கறது ஒரு பிரச்சனை, வழியில தேங்கி நிக்கற குவானிடினோஅசிட்டேட் மூளைக்கு விஷமா மாறி ஃபிட்ஸ உண்டாக்கறது இன்னொரு பிரச்சனை. அதனால கிரியாட்டின மட்டும் குடுத்தா பாதி வைத்தியம்தான். கிரியாட்டின் மோனோஹைட்ரேட் பவுடர், ஒரு கிலோ எடைக்கு தினம் 400லருந்து 800 மி.கி. கணக்குல பிரிச்சுப் பிரிச்சு. அதோட ஆர்னிதின், இது முதல் படி என்சைம தடுத்து குவானிடினோஅசிட்டேட் உற்பத்தியக் குறைக்கும். சாப்பாட்டுல ஆர்ஜினின் குறையற மாதிரி புரதத்த டயட்டீஷியன் அளந்து குடுத்தாங்க, கிளைசினக் குறைக்க சோடியம் பென்சோயேட்டும் சேத்தோம். ஒரு சின்ன வேடிக்கை, மருந்து ஆரம்பிச்சதும் சீரம் கிரியாட்டினின் ஏறும், இப்ப லேப் 'ஹெச்'னு போடும், பாத்துட்டு யாராவது கிட்னி போச்சுன்னு மருந்த நிறுத்திடக் கூடாதுன்னு பெத்தவங்க கையில ஒரு லெட்டரே எழுதிக் குடுத்துட்டோம். கிட்னிய சிஸ்டாட்டின் சிங்கற வேற ஒரு ரத்த டெஸ்ட் வச்சுப் பாக்கறோம்.

முதல்ல மாறினது ஃபிட்ஸ். மூணு மாசத்துக்குள்ள தலை தொங்கறது நின்னுடுச்சு, ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டு வலிப்பு மாத்திரையில ஒண்ண எடுத்துட்டோம். கை முறுக்கல் நல்லா குறைஞ்சிடுச்சு, கட்டைய எடுக்கறான், அடுக்கறான். கை கடிக்கறது கிட்டத்தட்ட நின்னுடுச்சு. ராத்திரி தூங்கறான், அதனால வீடே தூங்குது. ஒரு வருஷம் கழிச்சு எடுத்த ஸ்பெக்ட்ரோஸ்கோப்பில 3.0-ல மேடு தெரியுது, நார்மலோட பாதிக்கு மேல வந்திருக்கு. ஆறரை வயசுல ரெண்டு வார்த்தை சேத்துப் பேசறான், தேவையானதக் கேக்கறான். ஆனா அறிவுசார் குறைபாடு இருக்கு, நடுத்தர அளவு, அது போகாது. நாலு வருஷம் மூளை கிரியாட்டின் இல்லாம வளந்ததத் திரும்ப எடுக்க முடியாது. இத பெத்தவங்ககிட்ட ஆரம்பத்துலயே மறைக்காம சொல்லிட்டோம்.

அன்னைக்கு அப்பா ஒண்ணு கேட்டாரு. "அப்ப பிரசவத்துல லேட் ஆனது காரணம் இல்லயா டாக்டர்?" இல்லன்னேன். அம்மா அப்பதான் அழுதாங்க. வலி வந்ததும் சீக்கிரம் கிளம்பலன்னு நாலு வருஷமா வீட்டுல சொல்லிக் காட்டினது யாரு, யாருகிட்டங்கறதெல்லாம் எங்களுக்குத் தேவையில்லாத விஷயம், ஆனா காரணம் தெரியறதுல மருந்தத் தவிர இப்படி ஒரு பலனும் இருக்கு.

காரணத்த விடாமத் தேடறதுல இதுக்கெல்லாம் முன்னோடி நார்வேல ஒரு அம்மா. ரெண்டு குழந்தைக்கும் அறிவு வளர்ச்சி இல்ல, ரெண்டு பேர் மேலயும் ஒரு விசித்திர வாடை, டாக்டர் மேல டாக்டரா கேட்டுட்டே போயிருக்காங்க. 1934-ல ஃபோலிங்னு ஒருத்தர்தான் காது குடுத்துக் கேட்டு, சிறுநீர்ல ஃபெரிக் குளோரைடு ஊத்துனதும் பச்சையா மாறினதப் பாத்து, ஃபினைல்கீட்டோனூரியாங்கற, புரதத்துல இருக்கற ஒரு அமினோ அமிலத்த உடம்பு உடைக்க முடியாத நோயக் கண்டுபிடிச்சாரு. அந்த ரெண்டு குழந்தைக்கு அது உதவல. 1950-கள்ல டயட் வந்துச்சு, 1960-கள்ல குத்ரி டெஸ்ட் வந்துச்சு, இன்னைக்கு பொறந்த குழந்தையோட குதிகால்ல எடுக்கற சொட்டு ரத்தத்துல கண்டுபிடிச்சு நார்மலா வளக்க முடியுது. இப்படி மருந்தோ டயட்டோ இருக்கற, அறிவு வளர்ச்சிய பாதிக்கற மெட்டபாலிக் நோய்கள் 2012-ல போட்ட கணக்குல 81, 2021-ல புதுப்பிச்ச கணக்குல 116. ஒவ்வொண்ணும் அபூர்வம்தான், அதனாலயே "எங்க வரப்போகுது"ன்னு விட்டுடறோம். வளர்ச்சி தாமதத்துக்குப் பெரும்பாலான காரணங்களுக்கு இன்னைக்கும் மருந்து இல்ல, அது உண்மை. அதுக்காக மருந்து இருக்கறத கடைசியில தேடறது என்ன வரிசைன்னு எனக்குப் புரியல. எது கையில இருக்கோ அதத்தான் முதல்ல தேடணும்.

அடுத்த குழந்தை

காரணம் உறுதியாகும்போது அம்மாவுக்கு ஏழாவது மாசம் முடியப் போகுது. ரிஸ்க் 25 சதவீதம்னு சொன்னோம், அவங்க கேட்ட கேள்விக்கு முதல் தடவையா ஒரு நம்பர். வயித்துலயே டெஸ்ட் பண்றதப் பத்தியும் பேசினோம், வேணாம், பொறந்ததும் பாத்துக்கலாம்னு முடிவு பண்ணாங்க. இந்த நோய்க்கு அது நல்ல முடிவுதான், ஏன்னா வயித்துல குழந்தைக்கு அம்மாகிட்டருந்து கிரியாட்டின் போய்ட்டிருக்கும், பொறந்தப்புறம் ஆரம்பிச்சா நேரம் தப்பல.

பொண்ணு பொறந்துச்சு. மூணாவது நாள் ரத்தம் எடுத்தோம். பாக்க அவ்வளவு ஆரோக்கியமான குழந்தை, நல்லா பால் குடிக்குது, அண்ணனும் அந்த வயசுல அப்படித்தான் இருந்தான். கிரியாட்டின் அளவு நார்மலுக்குப் பக்கத்துல, அம்மா குடுத்த இருப்பு. குவானிடினோஅசிட்டேட் மட்டும் ஏறியிருந்துச்சு. கிரியாட்டின மட்டும் பாத்திருந்தா நார்மல்னு அனுப்பிருப்போம். ஜீன் டெஸ்ட்டும் அதையே சொல்லுச்சு, அண்ணனுக்கு இருக்கற அதே ரெண்டு மாற்றம். பெத்தவங்களுக்கு அந்த வாரம் எப்படிப் போயிருக்கும்னு சொல்லத் தேவையில்ல. ரெண்டாவது வாரத்துலயே மருந்து ஆரம்பிச்சோம், எந்த அறிகுறியும் இல்லாத குழந்தைக்கு வேளா வேளைக்கு பவுடர் கலக்கிக் குடுக்கறது லேசு இல்ல, ஆனா அண்ணன வளத்தவங்களுக்கு ஏன்னு விளக்கவே வேண்டியிருக்கல.

கழுத்து நின்னது மூணு மாசத்துல, உக்காந்தது ஏழு மாசத்துல, நடந்தது 13 மாசத்துல. இப்ப ரெண்டு வயசு தாண்டிடுச்சு, வாக்கியமா பேசுறா, ஃபிட்ஸ் ஒண்ணு கூட வரல. இந்த நோய்ல அறிகுறி வர்றதுக்கு முன்னாடியே மருந்து ஆரம்பிச்ச தம்பி தங்கச்சிங்க நல்லா வளர்றாங்கன்னு ஏற்கனவே பல கேஸ் ரிப்போர்ட் இருக்கு, இவளும் அதே வழியிலதான் போறா. இப்படிக் கிடைச்ச ஆதாரத்த வச்சுத்தான் 2023-ல அமெரிக்கால பொறக்கற குழந்தைகளுக்கு சிபாரிசு பண்ற ஸ்கிரீனிங் லிஸ்ட்ல ஜிஏஎம்டியயும் சேத்தாங்க. அந்த ஸ்கிரீனிங் இல்லாத இடத்துல வீட்டுக்கு முதல் குழந்தையா பொறக்கற பிள்ளைய காப்பாத்த வேற வழி இல்ல, லேட்டாகறதுக்குள்ள யாராவது ஸ்பெக்ட்ரோஸ்கோப்பியும் குவானிடினோஅசிட்டேட்டும் எழுதணும்.

இப்ப ரெண்டு பிள்ளைங்களும் ஒரே நாள்ல வர்றாங்க, எடை ஏற ஏற ரெண்டு பேருக்கும் டோஸ் மாத்தறோம், குவானிடினோஅசிட்டேட் அளவையும் சிஸ்டாட்டின் சி-யையும் தவறாம பாக்கறோம். பையனுக்கு ஸ்பெஷல் எஜுகேஷன், ஸ்பீச் தெரபி ரெண்டும் தொடருது, மீதி இருக்கற வலிப்பு மாத்திரைய அடுத்த இஇஜி பாத்துட்டு மெதுவா இறக்கலாம்னு இருக்கோம். கல்யாணம் ஆகப்போற சித்தி, தனக்கும் அந்தப் பழுதான ஜீன் ஒண்ணு இருக்கான்னு பாக்கற கேரியர் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்திருக்காங்க.